தவசி வாங்குன டயரு

ஒட்டுப்பாறையில பொம்பளைங்க முதுகுல டயர் தடம் விழ ஆரம்பிச்சு ரொம்ப காலம் ஆகிப்போச்சு, இப்ப அதை யாரும் அதிசயமாப் பேசுறதில்ல, பன்னி வந்து கிழங்கைத் தோண்டிருச்சு, ஏலக்காய்க்கு வெல கிடைக்கலைங்கிற மாதிரி அதையும் ஒரு பேச்சாப் பேசி, காலையில குழாயடியில நின்னு "இன்னிக்கு எனக்கு ரெண்டு ஜீப்பு, உனக்கு?"ன்னு கேட்டுக்கிட்டு, முந்தானைய இழுத்துத் தோளை மூடிக்கிட்டு, குடத்தைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. மொதல்ல விழுந்தப்ப நர்ஸம்மா அதை அலர்ஜின்னாங்க, வெள்ளை மாத்திரை குடுத்தாங்க, மாத்திரைக்குப் போகலைன்னதும் தடவுறதுக்கு ரோஸ் கலர் மருந்து குடுத்தாங்க, அதுக்கும் போகலைன்னதும் அவுங்களே வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. கடைசியில பிரச்சனைய முடிச்சது டெய்லர் கருப்பையாதான். ஜாக்கெட்டு முதுகை ஒரு சாண் ஏத்தி, கழுத்தெலும்பு வரைக்கும் மூடித் தச்சுக் குடுத்தாரு, அதுக்கு ரோட்டு ஜாக்கெட்டுன்னு பேரும் ஆச்சு, மூடுனதுக்கு அப்புறம் ஆம்பளைங்க கண்ணுக்கு அது தெரியல, தெரியாததால அது தீந்துபோச்சுன்னும் முடிவு பண்ணிக்கிட்டாங்க.

தடம்னா சும்மா செவப்பாக் கோடு விழுறது இல்ல. டயர்ல ரப்பர்க் கட்டை எப்படி இருக்கோ அப்படியே அச்சா விழும். சுருளியோட ஜீப்புல பின்னாடி டயர்ல ஒரு கட்டை பேந்து போயிருக்கும், அது ஏறுன முதுகுல அந்த எடம் மட்டும் வெறுமையா இருக்கும், "இது சுருளி வண்டிடி"ன்னு பாத்ததும் சொல்லிருவாங்க. மதியத்துக்குள்ள கலர் மங்கிரும், ஒரே எடத்துல நெதம் ஏறுனாத்தான் தழும்பா நிக்கும், வலி மட்டும் உள்ள எறங்கி எலும்புல போய் உக்காந்துக்கும். சக்கரம் நேரா உருண்டு போனா ஒண்ணும் பெருசா இல்ல. சக்கரம் சேத்துல நின்னு சுத்துச்சுன்னாதான் உசுரு போகும். ஊருக்குத் தலைவரான பெரியதனம் ராசு வீட்டுப் பங்குல சுருளி வண்டி அப்படித்தான் ஒரு நாள் நின்னு சுத்துச்சு, அவரு சம்சாரம் பஞ்சவர்ணம் அடுப்படியில கொழம்புக் கரண்டியோட அப்படியே குப்புற விழுந்துச்சு, அதுலயிருந்து கம்பு ஊனித்தான் நடக்குது.

பங்குன்னா என்னன்னு சொல்லணும். ஒட்டுப்பாறைப் பாதை அரசாங்கம் போட்டது இல்ல. ஊர்க்காரங்க வெட்டுனது. செக்போஸ்ட்டுல ஆரம்பிச்சு ஊரு வரைக்கும் வீட்டுக்கு ஒரு துண்டுன்னு பிரிச்சு, உன் துண்டு உன் பொறுப்புன்னு விட்டுட்டாங்க. மழை பேஞ்சா அவங்கவங்க போய் அவங்கவங்க பங்குல மண்ணைப் போட்டு, கல்லை அடுக்கி, மிதிச்சு இறுக்கி வைக்கணும். வெட்டுனது ஆம்பளைங்க, அதுல பொய்யில்ல. ஆனா மராமத்து பாக்குறது யாரு? ஆம்பளைங்க ஜீப்பு ஓட்டப் போயிட்டாங்க, தோட்டத்துக்குப் போயிட்டாங்க, டீக்கடைக்குப் போயிட்டாங்க. மண்வெட்டியும் கூடையும் வீட்ல கெடந்துச்சு, வீட்ல யாரு கெடந்தாங்களோ அவங்க எடுத்துக்கிட்டாங்க.

இவ்வளவுதான் விசயம். சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனா ஊர்க்கூட்டம் போட்டு, ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டிப் பேசி, ஆம்பளைங்க கண்டுபிடிச்சது வேற: பங்கு புருசன் பேர்ல இருக்கு, புருசன் பாரத்தைப் பொண்டாட்டி சொமக்கிறா, அதான் தடம் பொண்டாட்டி முதுகுல விழுது, அது அவ பதிபக்தி. பெரியதனம் இதைச் சொல்லும்போது அவரு கண்ணு கலங்குச்சு. பஞ்சவர்ணம் அத்தைய நெனச்சுக் கலங்குச்சா, தன்னை நெனச்சுக் கலங்குச்சான்னு வேலுத்தாய்க்கு இன்னி வரைக்கும் தெரியாது.

வேலுத்தாய் போடியில காலேஜுல மூணாவது வருசம் படிக்கிறா. வாய் நீளம்னு ஊர்ல பேரு. பஸ்ல கண்டக்டரு மீதிக் காசு குடுக்கலைன்னா பஸ்ஸை நிப்பாட்டிச் சண்டை போடுறவ, கிளாஸ்ல வாத்தியாரு தப்பாப் போட்ட கணக்கை எந்திரிச்சுப் போய் அழிச்சவ. அப்படிப்பட்டவ ஒரே ஒரு விசயத்துல வாயை மூடிக்கிட்டு இருந்தா.

அந்த விசயம் அவ அம்மா குருவம்மா முதுகு.

அப்பா செத்து நாலஞ்சு வருசம் ஆச்சு. அவரு பங்கு கொண்டை வளைவு, பாதையிலயே மோசமான எடம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சாத்தான் வண்டி திரும்பும். ஊரோட கணக்குப்படி செத்தவன் பங்குல தடம் யாருக்கும் விழாது, ஏன்னா செத்தவனுக்குப் பொண்டாட்டி கிடையாது. அதனால எல்லா டிரைவரும் கொண்டை வளைவுல மட்டும் பயப்படாம ஆக்சிலேட்டரை மிதிப்பானுங்க, "ஆளில்லாத பங்குடா, ஏத்து"ன்னு சிரிப்பானுங்க. குருவம்மா வீட்ல அருவாமனையப் பிடிச்சிக்கிட்டுப் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கும். வெளிய சொன்னா அடுத்து ஊரு என்ன கேக்கும்னு அதுக்குத் தெரியும். புருசன் இல்லாதவளுக்குத் தடம் விழுதுன்னா, அப்ப இவ யாரு பொண்டாட்டி? இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ரோட்டு ஜாக்கெட்டும் தச்சுக்காம, கல்யாணத்துக்குக் கூட ஈரத்தலையோட முடிய விரிச்சுப் போட்டு முதுகை மறைச்சுக்கிட்டுப் போகும். "தவசிகிட்ட சொன்னேன்னு வையி, அப்புறம் நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்"னு மக கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கி வச்சிருந்துச்சு.

பங்கு யாரு பேர்ல இருக்குங்கிறது இதுல ஒண்ணுமே இல்லைங்கிறது வேலுத்தாய்க்கு எப்பவோ தெரியும். ஒரு தடவை குருவம்மா தேவாரத்துக்கு எழவு வீட்டுத் துட்டிக்குப் போயிருந்தப்ப மழை பேஞ்சு, இவ போய் கொண்டை வளைவுல மண்ணை வெட்டிப் போட்டா. மறுநாள் கீழ இருந்து காய்கறி வண்டி ஏறுறப்ப இவ தோள்பட்டையில, மல்லிகைச் சரத்தை வச்சு அழுத்துன மாதிரி ஒரு தடம். கடைசியா யாரு கை அந்த மண்ணுல பட்டுச்சோ அவங்களுக்கு விழுது. அடுத்த மழையில அம்மா போய் மண்ணைப் போட்டதும் தடம் அம்மாகிட்டயே திரும்பிப் போயிருச்சு.

இப்படி இருக்கையிலதான் தவசி தன் ஜீப்போட ஒசரத்தைத் தூக்குனான்.

தவசி வேலுத்தாயோட அண்ணன். அப்பா விட்டுட்டுப் போன பழைய டீசல் ஜீப்பு அவன்கிட்ட இருந்துச்சு. கீழ செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துல புதுசா ஒரு ரிசார்ட்டு வந்திருந்துச்சு, விடிகாலையில சுத்திப் பாக்க வர்றவங்களை மேகம் பாக்கக் கூட்டிட்டுப் போறதுக்கு ஜீப்பு வேணும்னாங்க, ஆனா சும்மா ஜீப்பு வேண்டாம், தூக்குன ஜீப்பா, பெரிய டயரா, பாத்தாலே மனுசனுக்கு நெஞ்சு அடைக்கணும்னு அங்க இருந்த மேனேஜரு ஜெயசீலன் சொல்லிட்டாரு. சுருளி மொதல்லயே தூக்கிட்டான், அவனுக்கு வேலை கிடைச்சிருச்சு. இன்னும் ஒரு வண்டிக்குத்தான் எடம். சனிக்கிழமை காலையில மேனேஜரே வந்து உக்காந்து ஏறிப் பாப்பாராம். தவசி தேனிக்குப் போய் ஸ்ப்ரிங் பட்டையெல்லாம் மாத்தி, வண்டிய ஒரு முழம் உசத்திக் கொண்டாந்து நிப்பாட்டுனான். பழைய டயரோட அது ஒட்டடைக்குச்சி கால்ல நிக்கிற மாதிரி நின்னுச்சு. இனி டயரும் சக்கரமும் வாங்கணும்.

"நானும் வர்றேன்"னா வேலுத்தாய்.

"டயர் கடையில உனக்கென்ன வேலை?"

"உனக்கு மட்டும் அங்க என்ன வேலை, இத்தனை வருசமா மொட்டை டயர்லதான ஓட்டுன."

போடியில ஜமால் பாய் கடைக்குப் போனாங்க. உள்ள போனதும் ரப்பர் வாசனை மூக்குல அறைஞ்சுச்சு. பாய் எந்திரிச்சு ஜீப்பைச் சுத்தி வந்து, கீழ குனிஞ்சு பாத்துட்டு, "தம்பி, ஆளைத் தூக்கி நிப்பாட்டிட்டீங்க, இப்ப செருப்பு வாங்க வந்திருக்கீங்க"ன்னாரு. ரெண்டு டயரை உருட்டிக் கொண்டாந்து பக்கத்துல பக்கத்துல நிப்பாட்டுனாரு. ஒண்ணு முப்பத்தியொண்ணு இஞ்சு, கட்டையெல்லாம் நெருக்கமா, பலாப்பழத்தோல் மாதிரி. இன்னொண்ணு முப்பத்திமூணு, சேத்துக்குன்னே செஞ்சது, ஒவ்வொரு கட்டையும் சோப்புக்கட்டி அளவு, நடுவுல கட்டை விரலு முழுசாப் போகும், ஓரமெல்லாம் பல்லு வச்ச மாதிரி.

வேலுத்தாய் அந்த ரெண்டாவது டயர் மேல உள்ளங்கைய வச்சா. ஒடம்புப் பாரம் மொத்தத்தையும் அது மேல எறக்கி, கொஞ்ச நேரம் நின்னு, கைய எடுத்துப் பாத்தா. நடு உள்ளங்கையில ஒரு சதுரம் வெள்ளையா அமுங்கி, மெதுவா ரத்தம் திரும்பி வந்துச்சு.

"என்னடி, டயருக்கு நாடி பாக்குற?"ன்னான் தவசி.

"அண்ணே, சின்னதை எடு."

"ஏன்?"

"கொண்டை வளைவுல முழுசா ஒடிக்கணும்ல, இது மட்காட்டுல இடிக்கும். இடிச்சா திரும்பாது, திரும்பலைன்னா பின்னாடி எடுத்து மறுபடி ஏத்தணும், அங்கயே நின்னு சுத்தும். பாய், நான் சொல்றது தப்பா?"

"தப்பில்லம்மா"ன்னாரு பாய். "மட்காட்டைக் கொஞ்சம் வெட்டி விட்டா இடிக்காது."

"நீங்க விக்கிறவரு, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"வாங்குறவங்க கேக்குறாங்க, நான் சொல்றேன். உண்மையச் சொல்லவா? நெதம் ஓட்டுறவனுக்கு இந்தச் சின்னது. போட்டோ புடிக்கிறவனுக்கு அந்தப் பெருசு."

"கேட்டியா?"

தவசி கேக்கல. அவன் செவுத்துல மாட்டியிருந்த அலாய் வீலைப் பாத்துக்கிட்டு இருந்தான், கருப்பு, நடுவுல ஆறு கை விரிச்சு, வெயிலு பட்டா மின்னும். வேலுத்தாய் இரும்பு ரிம்மைக் காட்டுனா. "பாறையில அடிச்சா அது விரிசல் விடும். இது நெளிஞ்சா நீயே சுத்தியலால தட்டிக்கலாம். அதுவும் போக அது வெளிய தள்ளி நிக்குது பாரு. பாதையோ ஒரு வண்டிப் பாதை. வெளிய தள்ளுன சக்கரம் எங்க போகும்? ஓரக்கல்லு மேலதான் போகும்." ஓரக்கல்லுன்னு சொன்னதும் அவளுக்குக் குரல் ஒடைஞ்சுச்சு. ஓரக்கல்லு அடுக்குறதுலதான் அம்மாவுக்கு இடுப்பு போச்சு.

"ஏண்டி இப்படி நிக்கிற? யாருக்கோ உசுரு போற மாதிரி."

"போன மாசம் பஞ்சவர்ணம் அத்தைக்குப் போகத் தெரிஞ்சுச்சே, பாத்தேல்ல."

"அது சுருளிக்கு ஓட்டத் தெரியல. நான் மத்தவங்க பங்குலயெல்லாம் மெதுவாத்தான் போவேன். பூவு மாதிரி போவேன், போதுமா. சக்கரம் சுத்துனா கொண்டை வளைவுலதான் சுத்தும். அது நம்ம பங்கு. அப்பாவே போயிட்டாரு, அங்க யாருக்கு விழப் போகுது? நமக்கு ஒரே ஒரு நல்லது அதுதான், அதையும் விடச் சொல்றியா?"

அவ வாயைத் திறந்தா. சத்தியம் வாங்குன கையோட சூடு அவ கையில இன்னும் இருந்துச்சு. வாயை மூடிட்டா. ஊர்ல எவனையும் பேச விடாத வாயி, சொந்த அண்ணன்கிட்ட ஒத்தச் சொல்லைச் சொல்ல முடியாம டயர் கடையில நின்னுச்சு, அந்தக் கோவத்துல அவ அந்த முப்பத்திமூணு இஞ்சு டயரைக் காலால எத்துனா, அது கொஞ்சங்கூட அசையல.

"பாய், இதையே மாட்டுங்க. கருப்பு வீலு"ன்னான் தவசி.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல மழை புடிச்சுச்சு, மலையில பெய்யிற மழை இல்ல, மலையவே கழுவிக் கீழ விடுற மழை. சாயங்காலம் விட்டுச்சு. தவசி டயரு மாட்டுன கையோட வண்டிய ரிசார்ட்டுக்கே கொண்டு போயிருந்தான், அங்கயே தங்கிக் காலையில மேனேஜரைக் கூட்டிட்டு, செக்போஸ்ட்டுல இருந்து வண்டிய ஏத்திக் காட்டணும்னு ஏற்பாடு. வீட்ல குருவம்மா செவுத்தைப் பிடிச்சு எந்திரிச்சு, மூலையில இருந்த மண்வெட்டிய எடுத்துச்சு. வளைவு அரிச்சிருக்கும், மகன் வண்டி ஏறணும். அந்த வாரம் சுருளி வண்டி தெனமும் ஏறியிருந்துச்சு, அது நிமிந்து நிக்கவே ரெண்டு மூச்சு வாங்குச்சு.

வேலுத்தாய் மண்வெட்டியப் பிடுங்குனா.

"குடு புள்ள. பரிச்சை வருது, போய்ப் படி."

"படிச்சது போதும்."

"நீ கைய வச்சா உனக்கு விழும்டி."

"தெரியும்."

"கட்டிக்குடுக்கணும் உன்னைய. கன்னிப் பொண்ணு முதுகுல தடம் இருந்தா ஊரு என்ன கேக்கும் தெரியுமா?"

"கேக்கட்டும்மா. உன்னையக் கேட்டா நீ பதில் சொல்ல மாட்ட. என்னையக் கேக்கட்டும்."

சொல்லிட்டு நிக்கல. கூடையத் தலையில கவுத்துக்கிட்டு எறங்கிட்டா, பின்னாடி அம்மா ரெண்டடி வந்து, வாசப்படியிலயே உக்காந்துருச்சுன்னு அவளுக்குத் திரும்பிப் பாக்காமயே தெரிஞ்சுச்சு. வளைவுல பாதி பாதைய மழை கொண்டு போயிருந்துச்சு. இருட்டுறதுக்குள்ள முடிக்கணும். கல்லைப் பொறக்கி ஓரத்துல அடுக்குனா, கல்லுக்கு நடுவுல செம்மண்ணைத் திணிச்சா, மிதிச்சா, மறுபடி மண்ணு, மறுபடி மிதி, ஒவ்வொரு மிதிக்கும் ஒருத்தனைத் திட்டுனா, பெரியதனத்தைத் திட்டுனா, சுருளியத் திட்டுனா, மாத்தல் வாங்கிட்டுப் போன நர்ஸம்மாவைத் திட்டுனா, செத்துப்போன அப்பாவையும் விடல. தவசியத் திட்டுறப்ப மட்டும் அழுகை வந்துச்சு, அதனால அவனை ரெண்டு தடவை திட்டுனா.

காலையில கழுத்து இறங்குன சுடிதாரு ஒண்ணைப் போட்டுக்கிட்டு, துப்பட்டாவைக் கொடியிலயே விட்டுட்டு, முடியத் தூக்கிக் கொண்டை போட்டுக்கிட்டு, மண்வெட்டியோட போய் வளைவுல பாறைப் பக்கம் நின்னா.

கீழ இருந்து சத்தம் வந்துச்சு. மொதல்ல தவசி வண்டி, பக்கத்துல மேனேஜரு ஜெயசீலன், கருப்புக் கண்ணாடி. பின்னாடி சுருளி வண்டி, அதுல பெரியதனமும் இன்னும் நாலு பேரும், வேடிக்கை பாக்க. புது டயரு செம்மண்ணைக் கவ்விக் கவ்வி வர்ற சத்தம், மாடு புல்லைப் பிச்சு மேயிற மாதிரி கேட்டுச்சு. தவசி அவளைப் பாத்து ஹாரன் அடிச்சு, தள்ளி நில்லுன்னு கையாட்டுனான்.

முன்சக்கரம் அவ அடுக்குன கல்லு மேல ஏறுச்சு. அவ இடுப்புல மொதல் கட்டை விழுந்துச்சு, சூடா, சதுரமா, அப்புறம் அடுத்தது, அடுத்தது, முதுகெலும்புல ஏணி வச்சு யாரோ ஏறுற மாதிரி. தாங்கிக்கிட்டா. இதைத்தான அம்மா தாங்குச்சு. அப்புறம் அவன் ஸ்டீரிங்கை ஒடிச்சான். டயரு மட்காட்டுல போய் இடிச்சுச்சு. வண்டி திரும்பல, பின்சக்கரம் ஓரக்கல்லைத் தள்ளிவிட்டு ஈர மண்ணுல புதைஞ்சுச்சு, மேனேஜரு "ஏத்துங்க, ஏத்துங்க"ன்னாரு, தவசி மிதிச்சான், சக்கரம் நின்ன எடத்துல சுத்துச்சு.

வேலுத்தாய் மண்டி போட்டா. கத்தக் கூடாதுன்னு நெனச்சா, அவளை அறியாம வாயில இருந்து காத்து மட்டும் வந்துச்சு. தடம் ஜாக்கெட்டு மறைக்கிற எடத்தோட நிக்கல, கழுத்துல ஏறி, காதுக்குப் பின்னாடி வளைஞ்சு, கன்னத்துல வந்து விழுந்துச்சு, சோப்புக்கட்டி அளவுக் கட்டை, ஓரத்துல பல்லு, கடையில பாத்த அதே கட்டை. வண்டியோட பக்கக் கண்ணாடியில தவசி அதைப் பாத்தான். தங்கச்சி மூஞ்சியில தன் டயரு.

இஞ்சினை அணைச்சான்.

எல்லாரும் எறங்குனாங்க. பெரியதனம் கிட்ட வந்து பாத்துட்டு, "கன்னிப் பொண்ணுக்கு எப்படிய்யா?"ன்னு யாருகிட்டயோ கேட்டாரு. சுருளி மெதுவா ஒரு பக்கமாச் சிரிச்சுக்கிட்டு, "அதான நானும் கேக்குறேன், அப்ப இவ யாரு பொண்டாட்டி?"ன்னான்.

வேலுத்தாய் மண்வெட்டிய ஊனி எந்திரிச்சா.

"வாங்க சுருளியண்ணே, இந்தக் கேள்விக்குத்தான் விடிகாலையில இருந்து காத்துக்கிட்டு நிக்கிறேன். நேத்து இந்த எடத்துல கல்லு அடுக்குனது நான். மண்ணு மிதிச்சது நான். அதனால எனக்கு விழுந்துச்சு. உங்க வீட்ல அண்ணி மிதிக்குது, அதுக்கு விழுது. நீங்க இப்ப ஒரே ஒரு கூடை மண்ணை இங்க கொட்டுங்க, அடுத்து ஏறுற வண்டி உங்க முதுகுல ஏறும். கொட்டிப் பாருங்க. பொய்யின்னா என் மூஞ்சியில துப்பிட்டுப் போங்க."

கூடைய எடுத்து அவன் முன்னால வச்சா. சுருளி கூடையப் பாத்தான். பெரியதனம் கூடையப் பாத்தாரு. நெதம் எத்தனையோ வண்டி மண்ணு பாத்தவனுங்க, அந்தக் கூடைய என்னமோ அதுக்குள்ள பாம்பு சுருண்டு கெடக்குற மாதிரி பாத்துக்கிட்டு நின்னானுங்க. ஒருத்தன் தெரியாம ஒரு கல்லை மிதிச்சிட்டு வெடுக்குன்னு காலை இழுத்துக்கிட்டான். வண்டி புதைஞ்சு நிக்குது, கல்லு போட்டாத்தான் வெளிய வரும், கல்லு போட ஒரு கை நீளல. மேனேஜருக்கு ஒண்ணும் புரியல. "ஏங்க, ரெண்டு கல்லைத் தூக்கிப் போடுறதுக்கு என்னங்க இவ்வளவு யோசனை?"ன்னாரு. அதைக் கேட்டதும் பெரியதனம் செருப்பைப் பாத்தாரு, சுருளி வானத்தைப் பாத்தான்.

மேல இருந்து குருவம்மா வந்து நின்னுச்சு. பஞ்சவர்ணத்தோட கம்பைக் கடன் வாங்கி ஊனிக்கிட்டு, அவ்வளவு தூரம் எறங்கி வந்ததுல மூச்சு இரைச்சுக்கிட்டு. தவசி அம்மாவைப் பாத்தான். அம்மா ஏன் குனிஞ்சு நடக்குது, ஏன் சட்டினியக் கூட நின்னுக்கிட்டு அரைக்குது, ஏன் நாலஞ்சு வருசமா முடிய முடிஞ்சு கொண்டை போடல, எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா அவன் மூஞ்சியில வந்து விழுறதை வேலுத்தாய் பாத்துக்கிட்டே இருந்தா.

"அம்மா. இந்தப் பங்குல மண்ணு போடுறது..."

குருவம்மா சுருளிய ஒரு தடவை பாத்துச்சு, கேக்குறதா இருந்தா என்னையும் கேளுங்கிற மாதிரி. தலை மேல போட்டிருந்த முந்தானைய எடுத்துச் சொருகிக்கிட்டு, அத்தனை பேரு முன்னாடியும் முடியத் தூக்கி ஒரு கொண்டை போட்டுச்சு. கழுத்துல பழசும் புதுசுமாத் தடம், ஒண்ணு மேல ஒண்ணு, எந்த வண்டின்னு பிரிச்சுச் சொல்ல முடியாத அளவுக்கு. சுருளிக்கு மட்டும் பிரிக்கத் தெரிஞ்சுச்சு. கட்டை பேந்த எடம் நல்லாவே தெரிஞ்சுச்சு.

தவசி வந்து வேலுத்தாய் கையில இருந்த மண்வெட்டிய வாங்குனான்.

"அண்ணே, வேணாம். நானே போட்டுக்கிறேன். உனக்கு விழணும்னு இல்ல, உனக்குத் தெரியணும்னுதான்..."

"வாயை மூடு புள்ள."

கல்லைத் தூக்குனான், சக்கரத்துக்கு முன்னாடி வச்சான், மண்ணைப் போட்டான், பூட்ஸைக் கழட்டி வச்சுட்டு வெறுங்கால்ல மிதிச்சான். ஓட்டத் தெரிஞ்ச அளவுக்கு மிதிக்கத் தெரியல, குருவம்மா கம்பை நீட்டி "அங்க பள்ளமா இருக்கு, இன்னுங் கொஞ்சம்"ன்னு காட்டிக்கிட்டே நின்னுச்சு. முடிச்சுட்டு ஏறி உக்காந்தான். சாவியத் திருப்புறதுக்கு முன்னாடி சீட்டுல முதுகை ஒட்டாம கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காந்துக்கிட்டான், அதைப் பாத்ததும் வேலுத்தாய்க்குக் கன்னத்து வலிய விட வேற எங்கயோ வலிச்சுச்சு.

வண்டி ஏறுச்சு. பூவு மாதிரி போவேன்னு சொன்னவன், டயரு மட்காட்டுல இடிக்காம கொஞ்சங் கொஞ்சமா ஒடிச்சு, பூவு மாதிரிதான் போனான். அப்படியும் முன்சக்கரம் ஏறுனப்ப கழுத்து நரம்பு பொடைச்சுச்சு, பின்சக்கரம் ஏறுனப்ப ஸ்டீரிங் மேல நெத்திய வச்சுக்கிட்டான், பின்பக்கம் சட்டையில சதுரம் சதுரமா வேர்வையும் ரத்தமும் ஊறி வந்துச்சு. ஒரு தடவை கூடச் சக்கரம் சுத்தல. மேல போய் நின்னதும் ஜெயசீலன் கண்ணாடியக் கழட்டிட்டு, "இவ்வளவு நைசா ஏத்துற டிரைவரை நான் பாத்ததே இல்ல"ன்னு கை குடுத்தாரு. குடுத்த கையத் தவசி பிடிக்கல, ஸ்டீரிங்ல இருந்து கைய எடுத்தா விழுந்துருவான்.

அதுக்கு அப்புறம் ஊரு என்னென்னமோ பண்ணிப் பாத்துச்சு. பெரியதனம் கூட்டம் போட்டு, புருசனுக்கு விழுற தடம் பொண்டாட்டி பண்ணுன பாவம்னு ஆரம்பிச்சாரு, பஞ்சவர்ணம் அத்தை கம்பால தரையில ஒரு தட்டு தட்டுச்சு, அவரு தொண்டையக் கனைச்சிக்கிட்டு வேற பேச்சுக்குப் போயிட்டாரு. கீழ இருந்து கூலிக்கு ஆளு வச்சு மண்ணு போடலாம்னு பாத்தாங்க, கூலி வாங்குனவன் மறுநாளே கூலியத் திருப்பிக் குடுத்துட்டு ஓடிட்டான். அடுத்த மழைக்குப் பொம்பளைங்க யாரும் எறங்கல, குழாயடியிலயே உக்காந்துக்கிட்டாங்க, ரெண்டு நாள் ஊருக்குப் பாலு வரல, மூணாவது நாள் ஆம்பளைங்க மண்வெட்டி எங்க இருக்குன்னு வீட்டுக்குள்ள தேடுனாங்க. டெய்லர் கருப்பையாவுக்கு மறுபடி வேலை வந்துச்சு, சட்டைக் காலரை ஒரு சாண் ஏத்தித் தைக்கணும்னாங்க. ஜமால் பாய் கடைக்கு ஒட்டுப்பாறைக்காரன் வந்தா இப்ப தூரத்துலயே தெரியுமாம், அளவு கேக்க மாட்டான், கம்பெனி கேக்க மாட்டான், சட்டைக்கையச் சுருட்டி விட்டுட்டு முழங்கையை டயர் மேல வச்சு அழுத்திப் பாப்பான்.

இதெல்லாம் பின்னாடி. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல நடந்தது வேற. தவசி பாயில குப்புறப் படுத்திருந்தான். அடுத்த பாயில வேலுத்தாய் குப்புறப் படுத்துக்கிட்டு, பாட புஸ்தகத்தை முன்னால விரிச்சு வச்சு, வாசிக்காம இருந்தா. குருவம்மா வெளக்கெண்ணெயக் காய்ச்சி, மகன் முதுகுல ஒவ்வொரு கட்டையாத் தடவிக்கிட்டு வந்துச்சு.

"அம்மா, இத்தனை நாளா எப்படிம்மா..."

"அசையாதடா, எண்ணெ வழியுது."

அவன் மூஞ்சியப் பாயில பொதைச்சுக்கிட்டே, "வேலு, திங்கக்கிழமை போடிக்குப் போகணும், நீயும் வா"ன்னான்.

"எதுக்கு? என்னையக் கேட்டா வாங்குன?"

"அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

குருவம்மா விரலு அவன் இடுப்புப் பக்கம் வந்து நின்னுச்சு. அங்கதான் தடம் ஆழமா இருந்துச்சு, ஓரத்துப் பல்லு ஒண்ணொண்ணும் தனித்தனியா, கொஞ்சங்கூட மழுங்காம. நாலஞ்சு வருசமா அத்தனை வண்டித் தடத்தையும் முதுகுல வாங்கி, கண்ணால ஒரு தடவை கூட நேராப் பாக்காத பொம்பள, மொதல் தடவையா வெளக்கைக் கிட்டத்துல இழுத்து வச்சு நிதானமா அதைப் பாத்துச்சு.

"டயரு நல்ல டயரு தான்டா"ன்னுச்சு. "நல்லாப் பிடிச்சிருக்கு."

வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிச்சா கன்னம் வலிச்சுச்சு, அதனால பாயைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சா.